காகிதமில்லாப் பள்ளியின் புத்தகங்கள்

நாமக்கல்
9 ஜூன் 2025

அறிவுக்கு,

நல்லா இருக்கயான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கோணும். இப்ப அதைக் கேக்கற மனசுல நான் இல்லை.

சனிக்கிழமை பழைய புத்தகத்தை ஏத்த லாரி வந்து பள்ளிக்கூட வாசல்ல வெயில்ல நின்னுட்டு வெறுமனே திரும்பிப் போயிருக்குது. நீ நூலகத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டயாம். வாட்ச்மேன் எனக்குப் போன் பண்ணிச் சொல்றான். தாளாளர் நான். கூடப் பிறந்தவளே மதிக்கலைன்னா மத்த வாத்தியாருங்க என்னை எப்படி மதிப்பாங்க?

இது நான் தனியா எடுத்த முடிவு இல்லை. ஏப்ரல்லயே கமிட்டி கூடிப் பேசி முடிச்சது. ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் எல்லாப் பிள்ளைங்களுக்கும் புது டேப்லெட். அதுலயே இ-நூலகம், லட்சக்கணக்குல புத்தகம். மல்லசமுத்திரத்துல இருந்துக்கிட்டே உலகத்துப் புத்தகம் எல்லாம் படிக்கலாம். பழைய நூலக அறை சார்ஜ் போடற அறை ஆகுது. போன வாரம் சுற்றுச்சூழல் தினத்தன்னிக்கு மேடையில நின்னு நான்தான் சொன்னேன், இனி நம்ம பள்ளிக்கூடத்துக்காக ஒரு மரம்கூட விழாதுன்னு. நீயும் கீழ உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே? ஆகஸ்ட்டுல பசுமைப் பள்ளி விருதுக்கு ஆய்வுக்கு வாராங்க. அதுக்குள்ள அறை காலியாகணும்.

நீ போனை எடுக்கறதில்லை. அதனாலதான் எழுதறேன். பள்ளிக்கூட வேன் டிரைவர்கிட்ட சாவியைக் கொடுத்து விடு. அதோட இதை முடிச்சுக்கலாம்.

காளியண்ணன்

•

மல்லசமுத்திரம்
11 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாவியைத் தரமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், மற்றதை நீங்கள் அவசரமில்லாமல் படிப்பீர்கள்.

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுதுவிடுவேன். அழுதால் தோற்றுப்போவேன். எழுதும்போது நம் இரண்டு பேருக்கும் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது.

நீங்கள் மேடையில் பேசியதைக் கேட்டேன். கைதட்டவும் செய்தேன், அப்போது லாரி வரப்போவது எனக்குத் தெரியாது. அண்ணா, அந்தப் புத்தகங்களுக்காக மரம் வெட்டியது எப்போதோ முடிந்துபோன கதை. சில புத்தகங்கள் நம் இருவருக்கும் மூத்தவை. அவற்றைக் கூழாக்கினால் எந்த மரமும் மறுபடி எழுந்து நிற்கப்போவதில்லை. இனி அவை அலமாரியில் இருப்பதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரோ ஒரு யூனிட் மின்சாரமோ வேண்டாம். கரையான் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அதைத்தான் நான் இத்தனை வருஷமாகச் செய்து வருகிறேன்.

வந்தது எந்தக் கம்பெனி லாரி என்று டிரைவரிடம் கேட்டேன். பழைய காகிதத்தைக் கூழாக்கி முட்டை ட்ரே செய்கிறவர்கள். அந்த ட்ரே எங்கெல்லாம் போகிறது என்றும் கேட்டேன். அவர் சொன்ன பண்ணைகளில் முதலாவது உங்களுடையது. பிள்ளைகள் படித்த கதைகளின் மேல் உங்கள் கோழிகளின் முட்டையை அடுக்கப்போகிறீர்கள். அதற்குப் பெயர் பசுமை.

இன்னொன்று கேட்கவேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்பு வாங்கிய டேப்லெட்டுகள் இயற்பியல் ஆய்வகத்தின் பின்னறையில் குவிந்து கிடந்தன. மே மாதம் அந்த அறை சுத்தமாகக் கழுவிவிடப்பட்டிருந்தது. அவை எங்கே போயின?

தங்கை
அறிவுச்செல்வி

•

நாமக்கல்
14 ஜூன் 2025

அம்மிணி,

உன்ற கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். கோபம் குறையும்னு பாத்தேன், குறையலை.

பழைய டேப்லெட்டுல ஓடறதைப் பிள்ளைங்ககிட்ட விட்டுட்டு, கெட்டுப்போனதைப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டேன். பேட்டரி உப்பிப்போயிருந்தது. பிள்ளைங்க பக்கத்துல வெச்சிருந்து வெடிச்சா யாரு பொறுப்பு? அதுல என்ன தப்பைக் கண்டுட்ட?

மரத்தைப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்காதே. காகித மில்லு ஆத்துத் தண்ணியை எவ்வளவு குடிக்குது, சாயமும் மருந்தும் கலந்து என்னத்தைத் திருப்பி ஆத்துல விடுதுன்னு இந்த மாவட்டத்துக்காரனுக்குத் தெரியாதா? அச்சடிச்ச புத்தகம் சென்னையில இருந்து டீசல் லாரியிலதான் வருது. ஒரு பாடப்புத்தகம் மாத்தினா பழசு அத்தனையும் குப்பை. டேப்லெட்டுல ஒரு பட்டனைத் தட்டினா போதும், மாறிடும். நான் புத்தகத்துக்கு எதிரி இல்லை. புத்தகம் இனிமே அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கும், அவ்வளவுதான்.

நிலாவை உனக்குத் தெரியும், ஒம்பதாவது படிக்கறவ. கண்ணு சரியாத் தெரியாது, அச்சு எழுத்து அவளுக்குப் பூச்சி ஊர்ற மாதிரிதான் இருக்கும். டேப்லெட்டுல எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெருசாக்கி அவ படிக்கறதைப் பாத்துட்டு அவங்கம்மா எங்கிட்ட வந்து கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க. அந்தப் பிள்ளையை நீ நூலகத்துக்குள்ள விடலை. டேப்லெட் கொண்டு வரக்கூடாதுன்னு போர்டு மாட்டி வெச்சிருக்கயே, அதைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கே. இப்பச் சொல்லு, உன்ற அலமாரி யாருக்கு?

லாரி மறுபடி வரும். இந்த மாசக் கடைசித் திங்கக்கிழமை, முப்பதாம் தேதி. சாவி வந்தாலும் வராட்டியும் பூட்டு திறக்கும்.

அண்ணன்

•

மல்லசமுத்திரம்
18 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நிலா விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அந்த அடியை வாங்கிக்கொள்கிறேன். கடிதம் வந்த அன்றே போர்டைக் கழற்றி, அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அவள் கையில் டேப்லெட், பக்கத்துப் பெண் கையில் புத்தகம். இரண்டு பேரும் ஒரே கதையை யார் முதலில் முடிப்பது என்று போட்டி போட்டார்கள். ஜெயித்தது நிலா.

ஆகவே எனக்கும் கண்ணாடி எதிரி இல்லை. இனி என் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் பொருளைப் போட்ட இரும்புக்காரரைத் தேடிப் போனேன். அவர் அதை ஓமலூர்ப் பக்கம் இன்னொருவருக்கு விற்றுவிட்டார் என்றார்கள். மறுநாள் லீவு போட்டு, பஸ் ஏறி அங்கேயும் போனேன். ஒரு வறண்ட ஓடை, அதன் கரையில் தகரக் கொட்டகை. ஐந்தாறு பேர் தரையில் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். செம்புக்காக ஒயரை எரித்த கரும்புகை தலைக்கு மேலே நின்றது, மூச்சு இழுத்தால் நெஞ்சு எரிந்தது. எரித்த சாம்பலை ஓடைக்குள்தான் தள்ளுகிறார்கள். மழை வந்தால் அது கீழே இருக்கும் கிணறுகளுக்குப் போகும்.

அங்கே ஆண்டி என்று ஒருவர். முழங்கை வரை துணி சுற்றியிருந்தார். உப்பிய பேட்டரியைச் சுத்தியலால் தட்டியபோது தீப்பிடித்துக் கை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டேன். 'போனா நாளைக்கு ஆரு வேலைக்கு வாரதுங்க' என்றார். அவர் முன்னால் குவிந்திருந்த உடைசலில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் நம் பள்ளியின் ஸ்டிக்கர். பச்சை இலைக்கு நடுவில் 'மரம் காப்போம்' என்று இருந்தது.

அண்ணா, நான் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு டேப்லெட் தன் ஆயுளில் விடும் புகையில் பெரும்பங்கைப் பிறக்கும்போதே விட்டுவிடுகிறது. சுரங்கத்தில் தோண்டுவது, உருக்குவது, கடல் கடந்து கொண்டுவருவது எல்லாம் அதில் அடக்கம். பிறகு நாம் போடும் சார்ஜ் அதற்கு முன்னால் சின்னதுதான். நிறையப் படிக்கிறவர், அதே கருவியைப் பல வருஷம் கெடாமல் வைத்துக்கொள்கிறவர் கையில் அது காகிதத்தைவிட நல்லது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் அதில் பாடமும் வீடியோவும் பார்த்தார்கள். கதைப்புத்தகம் என்று வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ திறந்திருந்தால் அதிகம். மூன்று வருஷத்தில் தூக்கியும் போட்டுவிட்டோம். இந்தக் கணக்கில் மரம் எங்கே பிழைத்தது? ஒரே புத்தகத்தை வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் படிக்கிறார்களே, அதைவிடச் சிக்கனமான பொருள் நம் பள்ளியில் வேறு எது இருக்கிறது?

உடைக்காமல் கிடந்த சிலவற்றைக் கேட்டு வாங்கிவந்து, திருச்செங்கோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் அர்பாஸிடம் கொடுத்தேன். வேறு பேட்டரி போட்டுக் கொடுத்தார். இப்போது நன்றாக ஓடுகின்றன.

நான் கேட்பது இவ்வளவுதான். புது டேப்லெட் வாங்காதீர்கள். பழையதைச் சரி செய்யுங்கள். புத்தகங்களைத் தொடாதீர்கள். இதில் எதற்கும் நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் நான் என் வேலையைச் செய்துகொண்டுதான் இருப்பேன். நூலகரின் வேலை புத்தகம் கொடுப்பது.

அறிவுச்செல்வி

•

நாமக்கல்
23 ஜூன் 2025

அறிவுச்செல்விக்கு,

இத்தோடு கமிட்டியின் உத்தரவு இருக்குது. இன்னையில இருந்து நீ தற்காலிகப் பணிநீக்கம். கீழ இருக்கறது என்ற கையெழுத்துத்தான். கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லிப் பாத்தேன். தங்கச்சின்னா ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயமான்னு கேட்டாங்க. போட்டுட்டேன்.

உன்ற கடிதத்தை நான் மேசையில வெச்சிருந்தப்ப உங்க அண்ணி எடுத்துப் படிச்சுட்டா. ரெண்டு நாளா எங்கூடப் பேசறதில்லை. சோத்தைப் போட்டு வெச்சுட்டு அந்தப் பக்கம் போயிடறா. அண்ணிக்கும் எனக்கும் நடுவுல நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

அந்த ஆண்டிங்கறவர் எந்த ஊரு? கை இப்ப எப்படி இருக்குதுன்னு தெரியுமா?

லாரி முப்பதாம் தேதி வரும். அது மாறாது.

காளியண்ணன்

•

நாமக்கல்
30 ஜூன் 2025

அறிவு,

பூட்டை அறுத்தோம். கமிட்டிக்காரங்க நாலு பேரு, லாரிக்காரன், நான். கதவைத் திறந்தா உள்ள ஒண்ணுமே இல்லை. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, சுத்தமாக் கூட்டி வெச்சிருக்குது. லாரிக்காரன் என்னைப் பாத்துச் சிரிச்சான்.

வாட்ச்மேனைக் கேட்டா தலையைச் சொறியறான். தலைமையாசிரியை அங்காளம்மாளைக் கேட்டா, நூலகம் என் பொறுப்பு இல்லைங்கன்னு எழுந்து வகுப்புக்குப் போயிட்டாங்க. போலீஸ்ல எழுதிக் கொடுக்கோணும்னு ரெண்டு பேரு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. நான் ஒரு வாரம் கேட்டிருக்கேன்.

பள்ளிக்கூடத்துச் சொத்து எங்கே? நேராப் பதில் சொல்லு.

காளியண்ணன்

•

மல்லசமுத்திரம்
2 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேராகவே சொல்கிறேன். புத்தகங்கள் வாசகர்களிடம் இருக்கின்றன. இரவல் கொடுத்திருக்கிறேன்.

நம் நூலக விதி உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. மாணவரும் அவர் வீட்டாரும் உறுப்பினர். வேலை நாளில் யார் கேட்டாலும் நூலகர் புத்தகம் கொடுக்கவேண்டும். ஓர் ஆளுக்கு எத்தனை என்று நீங்கள் வரம்பு வைக்கவில்லை. எத்தனை நாளுக்கு என்பதை நூலகரின் முடிவுக்கு விட்டிருக்கிறீர்கள். உங்கள் உத்தரவு என் கைக்கு வரும்போது எல்லாம் கொடுத்து முடித்திருந்தேன். திருப்பித் தரவேண்டிய நாள் அடுத்த வருஷம் ஜூன்.

எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் காலை, பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். நூலகப் புத்தகங்கள் ட்ரே கம்பெனிக்குப் போகின்றன, அதற்கு முன் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று. சாயங்காலம் பெற்றோர் வர ஆரம்பித்தார்கள். மொபெட்டில் சாக்கு கட்டிக்கொண்டு வந்தார்கள். தறிக்குப் போகிறவர்கள் ஷிப்ட் மாறும்போது வந்தார்கள். ஒரு முட்டை வேன்கூட வந்தது அண்ணா, ட்ரே அடுக்கும் இடத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டு போனது. என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டால், எது வேணும்னாலும் கொடுங்க, அதைக் கூழா ஆட்டவிடப் படாது என்றார்கள்.

அங்காளம்மாள் டீச்சர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அருகில் வந்தவர், 'நான் எதையும் பாக்கலைங்க. ஆனா அந்த மூலை அலமாரி இன்னும் அப்படியே இருக்குது' என்று சொல்லிவிட்டுப் போனார்.

எந்தப் புத்தகம் யார் வீட்டில் என்ற பதிவு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. எதில் பதிந்தேன் தெரியுமா? அர்பாஸ் பேட்டரி மாற்றிக் கொடுத்த நம் பழைய டேப்லெட்டில். நிலாதான் தட்டச்சு செய்தாள், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு.

இப்போது மல்லசமுத்திரத்தில் எந்தத் தறிக்கூடத்துக்குப் போனாலும், முடி வெட்டும் கடைக்குப் போனாலும் நம் பள்ளி முத்திரை குத்திய புத்தகம் ஒன்று கிடக்கிறது. போலீசில் எழுதிக் கொடுங்கள். திருடியது யார் என்று கேட்டால் என் பெயரை முதலில் எழுதிவிட்டு, கீழே ஊரை எழுதுங்கள்.

ஆண்டிக்கு ஊர் ஓமலூருக்கு அந்தப் பக்கம். கொட்டகைக்குப் போகும் வழியை இதோடு எழுதி வைத்திருக்கிறேன். கை எப்படி இருக்கிறது என்பதை நீங்கள் போய்த்தான் பார்க்கவேண்டும்.

அறிவுச்செல்வி

•

நாமக்கல்
14 ஜூலை 2025

அம்மிணி,

போயிட்டு வந்தேன். உங்க அண்ணி உண்ணாமலையும் கூட வந்தா. வண்டியை விட்டு இறங்கினதுமே அவ சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டா. எனக்கு அதுகூடத் தோணலை. ஸ்டிக்கரைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அந்த ஸ்டிக்கர் டிசைனை நான்தான் சொல்லிச் செஞ்சேன்.

ஆண்டியைச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ரெண்டு விரல் மடக்க வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்தாளு என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஏங்க நீங்க இவ்வளவு தூரம் அலையறீங்கன்னு எங்கிட்டயே கேட்டாரு. நான் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லலை.

கமிட்டி கூடுச்சு. புது டேப்லெட்டை நிறுத்தச் சொன்னேன். மேடையில பேசினது நீங்கதானேன்னு கேட்டாங்க. ஆமா, நான்தான் பேசினேன், எனக்கு அன்னிக்குத் தெரியலைன்னேன். ரெண்டு பேரு எழுந்து போயிட்டாங்க. ஆர்டரை நிறுத்தியாச்சு. இப்பப் பிள்ளைங்க கையில இருக்கறது கெட்டுப்போனா அர்பாஸ்கிட்டத்தான் போகும், இரும்புக் கடைக்குப் போகாது. பசுமைப் பள்ளி விருதுக்குப் போட்ட விண்ணப்பத்தை நானே திரும்ப வாங்கிக்கிட்டேன். போலீஸ் பேச்சும் நின்னுபோச்சு.

ஆனா ஒண்ணு. நீ செஞ்சது தப்பு. சரியான காரியத்தைச் சொல்லாமச் செஞ்சே. என்னை நாலு பேருக்கு முன்னால காலி அறையில நிக்க வெச்சே. அதை நான் மறக்கமாட்டேன்.

கமிட்டி உன்னைத் திரும்ப எடுத்துக்கும். புத்தகத்தையெல்லாம் திரும்ப வாங்கி, ஒழுங்கை மீறினதுக்கு மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் கொடுக்கோணும். நாலு வரி போதும். அதை வாங்கித் தாரேன்னு நான் பொறுப்பு ஏத்துக்கிட்டு வந்திருக்கேன். எழுதிடு சாமி. அந்த அறை வெறிச்சுனு கிடக்குது.

அண்ணன்

•

மல்லசமுத்திரம்
17 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கமிட்டி முன்னால் எனக்குத் தெரியலை என்று சொன்னீர்களே, அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களை அந்தக் காலி அறையில் நிற்கவைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அது அண்ணனுக்கு. கமிட்டிக்கு இல்லை.

மன்னிப்புக் கடிதம் எழுதமாட்டேன். நாலு வரி அல்ல, ஒரு சொல்கூட எழுதமாட்டேன். நூலகர் புத்தகம் கொடுத்தது தப்பு என்று நானே எழுதிவிட்டால், நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் எதை நம்பிப் புத்தகம் கொடுப்பார்? இதோடு என் ராஜினாமா இருக்கிறது. நீங்கள் பொறுப்பு ஏற்றுக்கொண்டு போனது கெட்டுப்போகிறது, அதற்கு மட்டும் நான் ஒன்றும் செய்ய முடியாது.

புத்தகங்களையும் இப்போது திரும்ப வாங்கப்போவதில்லை. கொடுத்த தேதி வரைக்கும் அவை வாசகருடையவை. அடுத்த ஜூனில் எல்லாம் பள்ளிக்கு வரும். கிழிந்தது கிழிந்தபடி வரும், ஆனால் படித்ததாக வரும். அலமாரியைத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

அதுவரை நான் சும்மா இருக்கப்போவதில்லை. சிவபிரகாஷ் என்று ஒரு பெற்றோர், தறிகளை எடப்பாடிக்கு மாற்றிவிட்டார். காலியான தறிக்கூடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குத் திறந்துவிடுகிறார். முதல் வாரம் வந்தவர்களுக்கு உட்காரப் பாய் போதவில்லை. தத்தம் வீட்டில் இருக்கும் புத்தகத்தைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்கிறார்கள். நிலா டேப்லெட்டில் இருந்து ஒரு கதையைச் சத்தமாகப் படித்தாள். தறி ஓட்டி ஓட்டிக் காது மந்தமான ஒருவர் முன்வரிசைக்கு நகர்ந்து வந்து, அந்தக் கட்டைவிரல் எழுத்துகளை அவளோடு சேர்ந்து தானும் எழுத்துக் கூட்டிப் படித்தார். வாசலில் அர்பாஸ் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தூக்கி எறிய வைத்திருந்த போன்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த இடத்துக்கு எந்த விருதுக்கும் விண்ணப்பம் போடுகிற உத்தேசம் இல்லை.

அண்ணியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். தாளாளராக வந்தால் வாசலில் நிற்கவேண்டியதுதான். அண்ணனாக வந்தால் உள்ளே பாயில் இடம் போட்டு வைக்கிறேன்.

தங்கை
அறிவுச்செல்வி